மதுரையின் நீர்வழிகள்

மதுரை மாநகரில் வைகையின் வடபுறத்தே செல்லும் ஒருவர், இடப்பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு சென்றால், ஏரிகள் மலிந்த நாடொன்றிற்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், உலகனேரி எனப் பெயர்கள் நீண்டுகொண்டே போகும். பெயருக்கு உரிய குளம் யாதென்று வினவினால், அவ்விடங்கள் பலவற்றில் கடைத்தெருவையும் மாடிவீடுகளையுமே காட்டுவர். நகரின் நீர்நிலைகளைப் பேணும் கடமையுடைய மாநகராட்சியின் தலைமை அலுவலகம் தல்லாகுளத்தில் உள்ளது. நீர்நிலைகளைப் பற்றிய வழக்குகளைக் கேட்கும் உயர்நீதிமன்றக் கிளை 2004ஆம் ஆண்டு முதல் உலகனேரியில் இயங்குகிறது. நீரின் நினைவு முகவரியிலாவது எஞ்சியிருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

மதுரைச் சமவெளி பெருமழை பெறும் நாடன்று. ஆண்டிற்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். வைகையோ ஆண்டு முழுவதும் பெருகியோடும் ஆறன்று. இந்நிலத்தில் வாழ வேண்டுமாயின், பெய்யும் நாளில் நீரைத் தடுத்துப் பெய்யாத நாளுக்குச் சேர்த்து வைத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தவர் குடபுலவியனார் என்னும் புலவர். நிலம் பள்ளமாகக் கிடக்கும் இடந்தோறும் நீர்நிலை அமைக்குமாறு அவர் அம்மன்னனுக்கு அறிவுரை கூறிய பாட்டு, புறநானூற்றில் பதினெட்டாம் பாட்டாக உள்ளது. படை நடத்தி வென்ற வேந்தனிடம் சென்று குளம் வெட்டுக என்று சொல்லப் புலவருக்குத் துணிவு இருந்தது.

பாண்டிநாட்டார் இந்நீர்நிலையைக் கண்மாய் என்பர். கண்மாய் என்பது வெறும் பள்ளமன்று. அதற்கு ஒரு கரை உண்டு. வயலுக்கு நீர்விடும் மடைகள் உண்டு. நிறைந்தபின் மிகைநீரை வெளியேற்றும் கலுங்கு உண்டு. மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வரத்துக் கால்வாய் உண்டு. மேலேயுள்ள கண்மாயின் கலுங்கில் வழியும் நீர் வீணாவதில்லை; அது கால்வாயில் இறங்கி அடுத்த கண்மாயை நிரப்பும்; அது நிறைந்தபின் அதற்கடுத்ததை நாடும். மேலூரின் மிச்சம் கீழூரின் முதலாகும். இவ்வாறு நிலத்தின் சரிவை நன்கறிந்து, ஒன்றோடொன்று கோத்த சங்கிலியாக முன்னோர் கண்மாய்களை அமைத்தனர். அளவைக் கருவிகள் இல்லாத காலத்தில் அவர்கள் கண்ட சரிவு பெரும்பாலும் பிழைபடவில்லை. மழை பெய்யும்போது நீர் இன்றும் அவ்வழியையே தேடுகிறது.

இச்சங்கிலியைக் காத்தவர் யார்? மடைக்குக் கீழே வயல் வைத்திருந்த உழவர்களே. கால்வாயில் மண் மேவினால் அவர்கள் பயிர் வாடும்; ஆதலின் மழைக்கு முன்னர் ஊரார் கூடித் தூர்வாரினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். கரையில் உடைப்பு ஏற்பட்டால் நள்ளிரவிலும் மண்வெட்டியோடு ஓடினர். அன்பினால் மட்டும் அன்று, தேவையினாலும் கண்மாய் காக்கப்பட்டது.

நகரம் விரிந்தபோது முதலில் மறைந்தது இந்தத் தேவைதான். 1971ஆம் ஆண்டில் மாநகராட்சியான மதுரையின் எல்லை, 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 52 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 148 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும், சுற்றியிருந்த பேரூர்களும் சிற்றூர்களும் நகருக்குள் வந்தன. மடைக்குக் கீழே நெல் விளைந்த வயல்கள் மனைகளாயின. வயல் போனபின் மடையைத் திறப்பார் இல்லை. கால்வாயைத் தூர்வாருவாரும் இல்லை. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர் குழாய் வழியே நகரத்திற்கு வருவதால், குடிநீருக்கும் கண்மாய்க்கும் உள்ள உறவைப் பலர் மறந்தனர். கண்மாயில் நீர் நின்றால்தான் சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீர் ஊறும் என்பது, கிணறு வற்றி ஆழ்துளை போடும் நாளில்தான் நினைவுக்கு வருகிறது. இன்னும் ஒரு விந்தையும் உண்டு. முன்னாளில் கண்மாய் நிறைந்தால் கீழிருந்தோர் மகிழ்ந்தனர். பள்ளத்தில் வீடு கட்டியோரோ, கண்மாய் நிறைந்தால் அஞ்சுகின்றனர். காவலர் இருந்த இடத்தில் அச்சமுற்றோர் குடியேறிவிட்டனர்.

கண்மாயின் உள்ளே கட்டடம் எழுந்தால் அது கண்ணுக்குத் தெரியும், செய்தித்தாள் எழுதும், வழக்கும் நடக்கும். கால்வாய் அறுபடுவதோ கண்ணுக்குத் தெரியாது. கோடையில் பார்த்தால் அது முட்புதர் மண்டிய ஓடை. ஆண்டில் பத்து மாதம் பயனற்றது போல் கிடக்கும். மனை வாங்க வருபவர் கோடையில்தான் வருவார். பாதை வேண்டி ஒருவர் அதன்மேல் மண் கொட்டுவார். மற்றொருவர் சுற்றுச்சுவரை இரண்டடி தள்ளிக் கட்டுவார். எஞ்சிய இடுக்கில் ஊர்க் குப்பையும் கழிவுநீரும் சேரும். கண்மாய் முழுவதும் அப்படியே இருக்க, அதன் மூச்சுக்குழல் மட்டும் நெரிக்கப்படுகிறது. கண்மாயைத் தூர்ப்பதைவிட இதுவே பெருங்கேடு. ஒரு கண்மாயைத் தூர்த்தால் ஒன்று போகும். ஒரு கால்வாயை அறுத்தாலோ அதற்குக் கீழுள்ள அத்தனையும் போகும்.

2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் சில மணி நேரம் பெய்த கனமழையில், செல்லூர், நரிமேடு முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாய் நிறைந்து வழிந்தது. நகரின் வடபகுதி மிகைநீரை வைகைக்குக் கொண்டு செல்லும் பந்தல்குடிக் கால்வாய் அவ்வளவு நீரைத் தாங்கவில்லை. வைகையாறோ மிக அருகிலேயே இருந்தது! ஆற்றங்கரையில் வாழ்வோர், ஆற்றிற்குப் போகத் தெரிந்த நீர் போக வழியின்றி வீட்டிற்குள் வந்ததைக் கண்டு துன்புற்றனர். அதே தெருக்களில் சில கோடைகளில் குடிநீர் வண்டியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையாக நிற்பதும் உண்டு.

மக்கள் பெருகும்போது வீடு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். தொழிலையும் கல்வியையும் நாடி வரும் எளியவருக்கு நகரின் புறத்தே அன்றி வேறெங்கே இடம் கிடைக்கும்? அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. வரைபடத்தில் இல்லாத கால்வாயை அவர்கள் எவ்வாறு அறிவர்? குறை வரைபடத்தில் இருக்கிறது. புதிய குடியிருப்புக்கு முதலில் சாலையை வரைகின்றனர். பின்னர் மனைகளை வரைகின்றனர். நீர்வழியை, இடம் மிஞ்சினால் வரைகின்றனர். இம்முறையைத் தலைகீழாக மாற்றினால் போதும். முதற்கோடு நீர் செல்லும் கோடாக இருத்தல் வேண்டும். அதற்காக இழக்கும் மனைகள் சிலவே ஆகும்.

கண்மாய்க் கரையில் கல் பதித்து, விளக்கு நட்டு, நடைபாதை அமைப்பதை இன்று நீர்நிலைப் பாதுகாப்பு என்கின்றனர். மாலையில் காற்று வாங்க அது நல்லதுதான். ஆயினும், வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கக் கரையை மட்டும் அழகு செய்தல், பட்டினி கிடப்பவனுக்குப் பட்டாடை உடுத்துவதை ஒக்கும்.

கிருதுமால் நதியின் கதையை மதுரை மாணவர் யாவரும் அறிதல் வேண்டும். நாகமலைப் பக்கத்துக் கண்மாய்களின் நீரைப் பெற்று, நகரின் தென்பகுதி வழியே தென்கிழக்கு நோக்கிச் சென்றது அந்நதி. நகருக்கு மாலை போல் அமைந்தது என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்தபோது, திருமால் சிறு மீனாக அவன் கையில் தோன்றினார் என்று பாகவதம் சொல்லும். மீனைக் கொடியில் பொறித்த பாண்டியரின் தலைநகரில், அக்கதையின் ஆறு கழிவுநீர் வாய்க்காலாக ஓடுகிறது. அதைக் கடப்போர் பலர் அதனை ஆறென்றே அறியார்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பொதுக்குளங்களைக் காக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு 2007ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்றியது. சட்டம் செல்லும் இடமெல்லாம் அளவுகோலும் செல்ல வேண்டுமே!

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் நிகழ்ந்ததைக் காண்க. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அமைத்த அக்குளம், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் அடி அளவுடையது. படிக்கட்டும் மைய மண்டபமும் குறைவின்றி நின்றும், பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்தது. வறண்ட குளத்தில் சிறுவர் பந்து விளையாடினர். தைப்பூசத்தன்று மிதக்க வேண்டிய தெப்பம், நீரில்லா ஆண்டுகளில் நிலைத்தெப்பமாக நின்றது. குளத்தில் குறையில்லை, வைகையிலிருந்து நீர் கொணரும் பனையூர்க் கால்வாய் அடைபட்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் அக்கால்வாய் சீர்செய்யப்பட்டது. ஆற்றில் நீர் வந்தது. குளத்திலும் நீர் வந்தது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கரும் எழுந்தருள, வடம் பிடித்தோர் இழுக்கத் தெப்பம் மீண்டும் நீர்மேல் மைய மண்டபத்தைச் சுற்றி வந்தது.