பாங்கிகளும் பட்டறைகளும்

நமது தேசத்தில் பாங்கிகள் பெருகியிருக்கின்றன. டிபாஸிட்டுகளும் வருஷந்தோறும் வளர்ந்து வருகின்றன. யந்திரத் தொழில்களோ அவ்வேகத்தில் வளரவில்லை. 2022-ஆம் வருஷத்திற்குள் தேசத்தின் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கை நூற்றுக்கு 25 ஆக்குவதென்று சர்க்கார் வகுத்த லக்ஷியம் நிறைவேறவில்லை. பணம் பெருகினால் தொழில் தானே பெருகும் என்போர் இதற்கு என்ன சமாதானம் கூறுவரோ அறியோம்.

பணம் எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டிலும், அது யாருக்கு, எத்தனை காலத்திற்குக் கொடுக்கப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. ஜனங்கள் ஓரிரு வருஷத் தவணையில் போட்ட பணத்தை, பத்து வருஷத்தில் பலன் தரும் யந்திரத்தில் முடக்குவது பாங்கிக்கு அபாயம். ஸ்வதந்திரம் பெற்றவுடன் நமது தலைவர்கள் இதை உணர்ந்தே நீண்டகாலக் கடனுக்கெனத் தனி ஸ்தாபனங்களை ஏற்படுத்தினர். 1948-இல் கைத்தொழில் நிதிக் கார்ப்பரேஷன் தோன்றிற்று. மறு வருஷமே சென்னை மாகாணம் தனக்கென ஒன்றை நிறுவிக்கொண்டது. 1955-இல் ஐ.ஸி.ஐ.ஸி.ஐ.யும், 1964-இல் ஐ.டி.பி.ஐ.யும் வந்தன. இத்தகைய ஸ்தாபனங்களில் சிபார்சும் வாராக்கடனும் புகாமலில்லை. ஆயினும் 1991-க்குப் பிறகு அவற்றுக்கிருந்த சகாய வட்டிப் பணத்தை நிறுத்தி, பின்னிரண்டையும் 2002-இலும் 2004-இலும் சாதாரண பாங்கிகளாக மாற்றியபோது, அவை செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பளு வியாபார பாங்கிகளின் தலையில் விழுந்தது. மின்சாரம், ரஸ்தா, எஃகு என்று கோடி கோடியாகக் கொடுத்தார்கள். நிலம் கிடைக்காமலும் நிலக்கரி வராமலும் பல வேலைகள் பாதியில் நின்றன. 2018 மார்ச்சில் வாராக்கடன் நூற்றுக்கு 11-க்கு மேலாயிற்று. 2024 மார்ச்சில் அது மூன்றுக்கும் கீழே இறங்கியது சந்தோஷமே. ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேருமா? சமீப வருஷங்களில் வீடு, வாகனம், நகை என்று தனி மனிதருக்குக் கொடுக்கும் கடன், கைத்தொழிலுக்குக் கொடுக்கும் கடனை விஞ்சிவிட்டது. 2021-இல் நீண்டகாலக் கடனுக்கெனப் புது ஸ்தாபனமொன்றைச் சர்க்கார் மறுபடியும் நிறுவ வேண்டியதாயிற்று. அதுவும் ரஸ்தா, மின்சாரம் போன்ற பெரிய காரியங்களுக்கே.

கோயமுத்தூரில் பம்பு உறுப்புகள் வார்க்கும் பட்டறைக்காரரின் கதி என்ன? ஜாமீன் போதாதென்று பாங்கி கையை விரிக்கிறது. சரக்கை வாங்கிய பெரிய கம்பெனியோ மாதக்கணக்கில் பணத்தை நிறுத்திவைக்கிறது. 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிஸர்வ் பாங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. சட்டம் கடுமையானதே. ஆனால் தமது ஒரே பெரிய வாடிக்கைக்காரர்மீது பிராது கொடுக்க எந்தப் பட்டறைக்காரர் துணிவார்? வக்கீலாக இருப்பதால் இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை.

இத்தகையோரின் பில்களைப் பாங்கிகள் வட்டம் கழித்து வாங்கிக்கொள்ள 2017 முதல் 'டிரெட்ஸ்' என்னும் உண்டியல் சந்தை நடந்து வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வாங்கிய கம்பெனி பில்லை ஒப்புக்கொண்டாலன்றி அங்கே காசு பெயராது. சரக்குப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் செய்யாவிடில் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ள வேண்டுமென்று அதே 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தில் விதி இருக்கிறது. அவ்விதியை உண்டியல் சந்தைக்கும் விஸ்தரித்து, மௌனம் சாதிக்கும் கம்பெனியின் பில்லை ஒப்புக்கொண்ட பில்லாகவே பாவிக்கும்படி செய்யட்டும். இதனால் சர்க்கார் பொக்கிஷத்துக்குக் காலணாச் செலவில்லை.