முகவரி இரண்டு, கையெழுத்து ஒன்று

போன வாரம் நெல்லையிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "அத்தான், கணக்கு அனுப்புற புரோகிராம் கனெக்ட் ஆகவே ரெண்டு நிமிஷம் ஆகுது. பிரவுசர்ல அதே சர்வர் சட்டுன்னு திறக்குது. உதவி மையத்துல கேட்டேன். சர்வர் பெயரை எடுத்துட்டு நம்பரைப் போடச் சொன்னாங்க. போட்டதும் சான்றிதழ் பெயர் பொருந்தலைன்னு வந்துச்சு. அப்போ 'சான்றிதழ் சரிபார்க்க வேண்டாம்'னு டிக் பண்ணுங்கன்னாங்க. இப்போ பறக்குது. சரிதானே?"

"முதல்ல அந்த டிக்கை எடு மாப்ளே" என்றேன்.

நான் படித்தது பி.காம். பொட்டி தட்டுகிற நண்பர்கள் அடிக்க வராதீர்கள். எங்கள் வங்கியின் கணினிப் பிரிவு நண்பர் விளக்கியதும், இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான் என்று புரிந்தது.

இணையத்தில் இரண்டு முகவரிக் குடும்பங்கள். பழையது ஐபிவி4. 32 பிட், மொத்தம் சுமார் 430 கோடி எண்கள். உலகத்துக்கே பங்கு பிரிக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்தது. புதியது 128 பிட் ஐபிவி6. இரண்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. அதனால் பல சர்வர்களுக்கு ஒரே பெயர், இரண்டு முகவரி.

மச்சினனின் புரோகிராம் செய்தது இதுதான்: ஐபிவி6 முகவரியை முதலில் எடுத்தது. அவன் வீட்டு இணைப்பில் அந்தப் பாதை சரியாக இல்லை. பதில் வராத கதவை விடாமல் தட்டிக்கொண்டே நின்று, கடைசியில் அலுத்துப்போய்த்தான் ஐபிவி4 பக்கம் திரும்பியது. பிரவுசர் அப்படி நிற்பதில்லை. ஒரு முகவரி கொஞ்சம் தாமதித்தால் உடனே அடுத்ததையும் தட்டும். எது முதலில் திறக்கிறதோ அதில் நுழையும். இதற்கு 'ஹேப்பி ஐபால்ஸ்' என்று பெயர். 2012-லேயே ஆர்.எஃப்.சி. 6555-ஆக வந்தது. 2017-ல் வந்த ஆர்.எஃப்.சி. 8305, அடுத்த முகவரியைத் தட்டுவதற்கு முன் 250 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்கிறது. கால் விநாடி! இவன் இரண்டு நிமிடம் காத்திருந்தான்.

என்னைக் கேட்டால் தாமதம் கூடப் பெரிய குற்றமில்லை. அதற்குச் சொன்ன வைத்தியம்தான் குற்றம்.

எங்கள் வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு ஊர் முகவரி, வேலை பார்க்கும் ஊர் முகவரி என்று இரண்டு இருக்கும். வெளியூரில் பிழைக்கும் நம்மில் பலருக்கும் அப்படித்தான். எந்த முகவரியிலிருந்து செக் வந்தாலும் நாங்கள் பார்ப்பது கையெழுத்தை. டி.எல்.எஸ். சான்றிதழும் அந்தக் கையெழுத்து மாதிரிதான். அது பொதுவாகப் பெயருக்குத் தரப்படுவது, எண்ணுக்கு அல்ல. எந்தக் குடும்பத்து முகவரியில் இணைந்தாலும், நாம் கேட்ட பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்தே ஆகவேண்டும். பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டால் ஒப்பிடப் பெயரே இல்லை. சரிபார்ப்பையும் நிறுத்தினால், கையெழுத்தே பார்க்காமல் செக்குக்குப் பணம் கொடுத்த கதைதான். நடுவில் யார் உட்கார்ந்து கணக்கைப் படித்தாலும் தெரியாது.

"ஐபிவி6-ஐ அணைத்துவிட்டால் போச்சு" என்பார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நாள் அணைக்கலாம், தப்பில்லை. அதையே நிரந்தரத் தீர்வாக்கினால், நாளை ஐபிவி6 மட்டும் உள்ள இடத்தில் சிக்கிக்கொள்வோம். ஒரு குடும்பத்தை மறந்தால் பாதுகாப்பும் ஓட்டையாகும். ஐபிவி4-ஐ மட்டும் கவனிக்கும் வி.பி.என். போட்டால், ஐபிவி6 போக்குவரத்து அதற்கு வெளியே சத்தமில்லாமல் போகலாம். இதை ஆர்.எஃப்.சி. 7359 2014-லேயே எச்சரித்திருக்கிறது.

புரோகிராம் எழுதுபவர்களிடம் நான் கேட்பது மூன்றுதான். ஐபிவி4 மட்டுமே அறிந்த பழைய 'கெட்ஹோஸ்ட்பைநேம்' வேண்டாம். 'கெட்அட்ரின்ஃபோ'விடம் குடும்பம் எதையும் குறிப்பிடாமல் கேட்டு, வரும் பட்டியல் முழுவதையும் முயன்று பாருங்கள். ஒரே கதவில் நிமிடக்கணக்கில் நிற்காதீர்கள். எந்தக் கதவு திறந்தாலும் பெயரைச் சரிபாருங்கள்; அதை நிறுத்தும் டிக் பெட்டியை சாதாரண ஆள் கையில் கொடுக்காதீர்கள்.

மச்சினன் டிக்கை எடுத்து, பெயரையும் திரும்பப் போட்டுவிட்டான். இப்போது மறுபடியும் இரண்டு நிமிடம் காத்திருக்கிறான். புரோகிராமைத் திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறோம். அதுவரை அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு காபி குடித்துக்கொள்ளட்டும்.