செக்ரோலில் தெரிந்த செல்வம்

வறுமையை அளப்பது எவ்வாறு என்று ஆய்வாளர்கள் இன்று தடித்த நூல்கள் எழுதுகிறார்கள். 1979இல் நமது நாட்டில் அதற்கு ஒரேயொரு கோடு கிழித்தார்கள். குடும்ப வருமானம் மாதம் 300 ரூபாவுக்குக் கீழே என்றால் உணவு முத்திரை உண்டு. மேலே என்றால் இல்லை. (பெரிய குடும்பங்களுக்கு வரம்பு சற்றுக் கூடியது.) அவ்வாண்டு செப்டெம்பரில் கூப்பன் அரிசியின் இடத்துக்கு முத்திரை வந்தது.

அக்காலத்தில் நான் கண்டியில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். கிராமத்தில் குடும்பத் தலைவர் தமது வருமானத்தைத் தாமே எழுதிக் கொடுத்தார். தோட்டத்துப் பலாவும் மிளகும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியவையல்ல. ஹந்தானையிலும் கலஹாவிலும் லயன்களில் வாழ்ந்தோர் நிலை வேறு. கணவன், மனைவி, மூத்த மகன் மூவருக்கும் விழுந்த ‘பேர்’ சதம் பிசகாமல் செக்ரோலில் இருந்தது. கூட்டினால் 300ஐத் தாண்டியது. நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முத்திரை பெற்றபோது, தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் வெளியே நின்றனர். இத்தனைக்கும் ஐந்தாண்டுகளுக்கு முன்னர்தான், 1974இல், பட்டினியால் தோட்டங்களின் மரண வீதம் உயர்ந்திருந்தது.

கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அன்று என்னிடம் சொன்னார்: “எங்க வருமானம் எங்களத் தவிர எல்லாருக்கும் தெரியுதுங்க ஐயா.” முற்பணம், சேமலாப நிதி, அரிசிக் கடன் எல்லாம் கழித்த பின் அவர் கையில் வந்த தொகையை எவரும் கேட்கவில்லை.

கிராமத்தவர் பொய் சொன்னார்கள் என்று குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. கண்டிய விவசாயியின் வறுமையும் உண்மைதான். அதை ஆராய ஓர் ஆணைக்குழுவே 1951இல் அறிக்கை தந்தது. எனது முறைப்பாடு அளவுகோல் மீதுதான். எழுத்தில் உள்ளதை மட்டும் எண்ணும் கணக்கு, எழுத்தில் அகப்பட்டவனையே முதலில் தண்டிக்கிறது.

2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் வறியோர் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். 2023இல் வந்த அஸ்வெசும வருமானத்தோடு நில்லாமல் 22 அளவுகோல்களைப் பார்க்கிறது. முன்னேற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால், தனக்குச் சொந்தமில்லாத லயன் அறையில் மூன்று தலைமுறையாக வாழ்பவனை வீட்டுக் கேள்விக்கு எந்தக் கட்டத்தில் அடைப்பது? அதிகாரிகள் விளக்க வேண்டும். செக்ரோலையும் தாராளமாகப் பார்க்கட்டும். அதிலுள்ள கழிவுகளையும் சேர்த்துப் பார்க்கட்டும்.