மலைப்பாதையில் காந்த ஊசி

பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் செலுத்துவோருக்கு மூடுபனி புதியதன்று. பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத வேளையிலே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று பெரிய வீதிக்குச் செல்லும். மற்றது கொழுந்து ஏற்றும் லொறிக்கென வெட்டப்பட்டு மலைச்சரிவில் முடிந்துவிடும். நோயாளி ஒருவரைப் பின்னால் இருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைபவர் அவ்விடத்தில் வழி தவறினால், இழப்பது நேரம் மாத்திரமன்று. சட்டைப்பையில் அடங்கும் திசைகாட்டி அப்போது உதவுமா? உதவும், ஆயின் அதைக் கையாளும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது எதிரி வண்டியே ஆகும். இயந்திரத்தின் இரும்பு, மின்னாக்கியிலுள்ள காந்தம், கம்பிகளில் ஓடும் மின்னோட்டம் ஆகிய மூன்றும் ஊசியைத் தத்தம் பக்கம் இழுக்கும். வண்டி திரும்புந்தோறும் இப்பிழையும் மாறும். இதனைக் கப்பலிலே ஆராய்ந்தவர் மத்தியூ ஃபிளிண்டர்ஸ் என்னும் மாலுமி. 1801 முதல் 1803 வரை ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் அவுஸ்திரேலியக் கரைகளை அளந்தபோது, கப்பலின் முகம் மாற மாற ஊசியின் பிழையும் மாறுவதை அவர் கண்டார். 1940இல் எகிப்தில் பாலைவனப் படைப்பிரிவொன்றை அமைத்த ரால்ஃப் பாக்னோல்ட், மோட்டார் வண்டியின் இரும்புக்கு அஞ்சிச் சூரிய நிழலால் திசை காட்டும் கருவியைப் பயன்படுத்தினார். பனி மூடிய மலையில் நமக்கு அந்த வசதியும் இல்லை.

ஆகவே, பாதை பிரியுமிடத்தில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். பத்து அடி எடுத்துவைத்து விலகிச் செல்லுங்கள். கைத்தொலைபேசி, சாவிக்கொத்து முதலியவற்றை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். இரும்புவேலி, தகரக்கூரை ஆகியவற்றின் அருகே நில்லாதீர்கள். கருவியை மட்டமாகப் பிடித்து, ஊசி ஆடி அடங்கியபின் பாருங்கள். வண்டியிலேயே அதைப் பொருத்த விரும்புவோர், திறந்த வெளியொன்றில் வண்டியை எட்டுத் திசைகளிலும் நிறுத்தி, தள்ளி நின்று பார்த்த அளவையும் வண்டியில் வைத்துப் பார்த்த அளவையும் ஒப்பிட்டுச் சிறு அட்டையில் குறித்துக்கொள்ளலாம். மாலுமிகள் செய்வதும் இதுவே. அப்போதும், ஓடும் வண்டியின் அதிர்விலும் வளைவுகளின் சாய்விலும் ஊசி அலையும். நின்று பார்ப்பதே நலம்.

நம் நாட்டுக்கு ஒரு நன்மை உண்டு. இலண்டனில் பூமியின் காந்தவிசை ஊசியின் வடமுனையை ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கி இழுக்கின்றது. இலங்கையோ காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ளது. இங்கே ஊசி ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும். எனினும் வடநாடுகளுக்கென எடை சமப்படுத்திய கருவியை வாங்கினால், அதன் தென்முனை தாழ்ந்து கண்ணாடியிலோ அடித்தட்டிலோ உரசக்கூடும், வாங்குமுன் பார்த்துக்கொள்க. மெய்யான வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் இங்குள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 பாகையே. வழி தேடுவோருக்கு அது பொருட்டன்று.

ஊசி ஊர்களின் திசையைத்தான் சொல்லும். பாதையின் போக்கைச் சொல்லாது. தெமோதரையில், நிலையத்தை விட்டுப் பதுளைக்குப் புறப்படும் புகையிரதம் மலையைச் சுற்றி இறங்கி அந்நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துள் நுழைகின்றது. அதில் அமர்ந்து ஊசியைப் பார்ப்பவனுக்குப் பதுளை எல்லாத் திசையிலும் இருப்பதாகத் தோன்றும்! நம் வீதிகளும் அவ்வாறே வளைபவை. பண்டாரவளையிலிருந்து பதுளை வடகிழக்கே, அப்புத்தளை தென்மேற்கே, வெலிமடை வடமேற்கே. இவற்றை மனத்திற் பதித்து, நில அளவைப் படத்தையும் உடன் வைத்துக்கொண்டால், ஒரு வளைவைக் கண்டு ஏமாறாமல் பாதையின் பொதுப்போக்கை உணரலாம்.

கைத்தொலைபேசி இருக்க இதெல்லாம் எதற்கென்று மாணவர் சிலர் கேட்கலாம். அதனுள் இருக்கும் திசைகாட்டியும் காந்தத்தை அறிந்தே வேலை செய்கிறது. கைப்பிடியில் பூட்டினால் அதுவும் வண்டியின் இரும்புக்கு மயங்கும். பள்ளத்தாக்கில் அலைவரிசை கிட்டாதபோது, முன்கூட்டிச் சேமித்துவைக்காத வரைபடமும் திறவாது. எனவே இரண்டையும் வைத்திருங்கள். அடுத்த ஞாயிறன்று, வானம் தெளிந்திருக்கும்போது, நன்கு தெரிந்த சந்தியொன்றிலே பிள்ளைகளுடன் நின்று பழகிப் பாருங்கள். தெளிந்த நாளிற் பழகிய கைதான் பனி மூடிய நாளில் நடுங்காது.