அலமாரியில் கிடக்கும் லென்ஸும் ஆடி மாதத் தவணையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை, தியாகதுருகம், சங்கராபுரம் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கும் தம்பிகள் மட்டுமாவது பொறுமையாகக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகளில் நாலைந்து பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "சார், 85 எம்.எம். எஃப் 1.4 லென்ஸ் எடுக்கப் போறேன். ஃபைனான்ஸ் பேசிட்டேன்." விலை கேட்டால் ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறான். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் இருக்கிறது, கட்டிவிடலாம். ஆடி? மார்கழி? புரட்டாசியிலும் நம் பக்கம் பலர் கல்யாணம் வைப்பதில்லை. ஃபைனான்ஸ்காரருக்கு ஆடியும் மார்கழியும் கிடையாது, ஐந்தாம் தேதி மட்டும்தான். இரண்டு தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான்.

இந்தத் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லட்ச ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்காரர்களின் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிலிம் காலத்துக் கேமராக்கள் அங்கே தோல் உறையோடு தூங்குகின்றன. பென்டாக்ஸ், நிக்கான், மினோல்டா, யாஷிகா, சோவியத் நாட்டு ஜெனிட். பிலிம் போட ஆளில்லை என்பதால் கேமராவுக்கு வேலையில்லை. முன்னால் இருக்கும் கண்ணாடிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதை உங்கள் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம். நடுவில் ஒரு உலோக வளையம் போதும், அடாப்டர் என்பார்கள். சாதாரணமானது ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

எப்படிப் பொருந்துகிறது என்று பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் குவிலென்ஸைச் சன்னலுக்கு எதிரே சுவர் ஓரம் பிடித்துக் காட்டுவேன், நினைவிருக்கிறதா? வெளியே நிற்கும் வேப்பமரம் சுவரில் தலைகீழாக விழும். லென்ஸைக் கொஞ்சம் தள்ளினால் மரம் கலங்கிவிடும். கேமராவிலும் அதே கதைதான். சுவருக்குப் பதில் சென்சார். லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக நிர்ணயித்திருக்கிறது. பழைய பென்டாக்ஸ், ஜெனிட் கேமராக்களில் இருந்த 42 மி.மீ. திருகு லென்ஸுக்கு அந்தத் தூரம் 45.46 மி.மீ. பழைய நிக்கானுக்கு 46.5. இப்போது வரும் கண்ணாடியில்லாக் கேமராக்களில், அதாவது மிரர்லெஸ்ஸில், உள்ளே கண்ணாடி தூக்கி இறங்கும் வேலை இல்லாததால் தூரம் குறைந்துவிட்டது. சோனியில் 18, நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்.எஃப்.பில் 20. மிச்ச தூரத்தை வளையம் நிரப்பிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

மிரர்லெஸ் இல்லாமல் கேனான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். அதில் தூரம் 44 மி.மீ. திருகு லென்ஸுக்கு ஒன்றரை மி.மீ. இடம் மிஞ்சுகிறது, மெல்லிய வளையம் போதும். முழு அளவு சென்சார் உள்ள பாடிகளில் சில லென்ஸ்களின் பின்பக்கம் உள்ளே கண்ணாடியில் இடிக்கும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆரில்தான் சிக்கல். அங்கே திருகு லென்ஸ் ஒரு மி.மீ. முன்னால் தள்ளியே நிற்கும். ஒரு மி.மீ.தானே என்று கேட்கலாம். கரும்பலகைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. லென்ஸ் ஒரு மி.மீ. தள்ளி நின்றால் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. மணமேடைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் முகமே கலங்கிவிடும். இன்னொன்று, 1977க்கு முன் வந்த நிக்கான் லென்ஸ்களைச் சில டிஜிட்டல் நிக்கான் பாடிகளில் நேராக மாட்டினால் பாடியில் இருக்கும் சிறிய நெம்பு உடைந்துபோகும். கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

இப்போது அந்த 85க்கு வருகிறேன். ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44 லென்ஸ் 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த பயோட்டார் லென்ஸின் அமைப்பைப் பின்பற்றி சோவியத்தில் செய்தது. நம் தம்பிகளில் பலர் வைத்திருப்பது சிறிய சென்சார் கேமரா. அதில் ஒன்றரை மடங்கு கணக்கு. 58ஐ ஒன்றரையால் பெருக்கினால் 87. தம்பி, நீ கடன் வாங்கி எடுக்கப்போகும் அதே பார்வைக் கோணம் உன் பெரியப்பா ஸ்டுடியோவில் தூசி படிந்து கிடக்கிறது. பின்னணி அந்த விலை உயர்ந்த லென்ஸ் அளவுக்குக் கரையாது, உண்மைதான். ஆனால் முகூர்த்தத்துக்கு வந்த பாட்டியை மண்டபத் தூண் ஓரம் உட்கார வைத்து எடுக்க அது போதும், போதும்.

பாட்டி என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. இன்றைய லென்ஸ்கள் கூர்மை, கூர்மை என்று செய்யப்படுகின்றன. முகத்தில் இருக்கும் ஒவ்வொரு துளையும் தெரிகிறது. உடனே தம்பிகள் என்ன செய்கிறார்கள்? கம்ப்யூட்டரில் போட்டு அந்தத் துளைகளையெல்லாம் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போதே நிறத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். ஆல்பம் வரும்போது கறுப்பாகப் பிறந்து அழகாக இருக்கும் நம் பெண் சுண்ணாம்பு பூசிய பொம்மை மாதிரி இருக்கிறாள். கூர்மைக்கு ஒரு லட்சம், அந்தக் கூர்மையை அழிக்க ஒரு சாஃப்ட்வேர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

பழைய லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து எடுத்தால் ஓரங்களில் மெல்லிய கசிவு இருக்கும். லென்ஸின் நடுவில் நுழையும் ஒளியும் ஓரத்தில் நுழையும் ஒளியும் சரியாக ஒரே இடத்தில் சேராததால் வருவது. பூச்சும் ஒற்றைப் பூச்சு, அதனால் ஒளி உள்ளேயே கொஞ்சம் சிதறி, கறுப்பு அவ்வளவு கறுப்பாக இல்லாமல் தணிந்து நிற்கும். தோலின் நிறம் மாறாமல் கடுமை மட்டும் குறைகிறது. எஃப் 5.6க்கு மூடினால் இதே லென்ஸ் நன்றாகவே கூராகிவிடும். தை 5ஆம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில், மாலை வெயிலுக்கு எதிரே மணலில் நடக்கும் கூட்டத்தை இதில் எடுத்துப் பார்த்தேன். தென்பெண்ணை மணலின் புழுதியும் லென்ஸின் கசிவும் சேர்ந்து எது எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. என் மகனுக்குப் பிடிக்கவில்லை, "மங்கலா இருக்குப்பா" என்றான். அதுவும் சரிதான்.

ஆனால் யூடியூபில் இதை மந்திரம் மாதிரி விற்கிறார்கள், அதை நம்பாதீர்கள். பின்னணி சுழல்கிறதாம், அதனால் கலையாம். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டு உருவாக்கிய உருவப்பட லென்ஸிலேயே அந்தச் சுழல் உண்டு. அதை ஒரு குறையாகத்தான் பார்த்தார்கள். 2013இல் லோமோகிராஃபி கம்பெனி அதே அமைப்பை பித்தளையில் மீண்டும் செய்து டிஜிட்டல் கேமராவுக்கு விற்றது. குறைக்கும் காலம் வரும் போலிருக்கிறது! ஸ்டான்லி குப்ரிக் 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்துக்கு, நாசாவுக்காக ஸைஸ் செய்த எஃப் 0.7 லென்ஸைச் சினிமா கேமராவில் மாட்டி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தார். அவருக்கு அந்த வெளிச்சம் வேண்டும், அதற்கு அந்த லென்ஸ் வேண்டும். நமக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் லென்ஸ் தேடினால் பழையதும் வீண், புதியதும் வீண். "ஜெர்மன் கண்ணாடி, இனிமேல் கிடைக்காது" என்று பத்தாயிரம் பதினைந்தாயிரம் சொல்பவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும் நேரத்தில் போடாதீர்கள். மூன்று வினாடி. அட்சதை பறக்கும், நாதஸ்வரம் ஏறும், அத்தைமார் குறுக்கே வருவார்கள். கையால் ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். அங்கே கேமராவோடு வந்த சாதாரண ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்தான் சரி. கபடிக்கும் ஓடும் குழந்தைக்கும் அப்படியே. சாப்பாட்டுப் பந்தி முடிந்து மண்டபம் அமைதியான பிறகு, பழையதை எடுங்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுக்க வேண்டும். ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டால் தெளிவான விளிம்புகள் நிறத்தில் மின்னும், பிலிம் காலத்தில் எங்களுக்கு இல்லாத வசதி. வளையத்தைத் திருப்பும் அந்த இரண்டு வினாடியில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பீர்கள். இப்போது பலர் பார்ப்பதில்லை, நொடிக்குப் பத்து எடுத்துவிட்டு வீட்டில் போய்ப் பார்க்கிறார்கள்.

வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் உறைக்குள் வைத்ததுதான் காரணம். லேசாக இருந்தால் துடைக்கலாம், பூச்சை அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். துளையைத் திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் இருக்கிறதா, வளையம் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, நாளாக ஆகத் தேநீர் நிறமாகிவிடும். சில நாள் வெயில் காட்டினால் தெளியும். அடியில் அலுமினியத் தாள் விரித்து வையுங்கள், காகிதத்தின் மேல் வைத்தால் குவிலென்ஸ் தன் வேலையைக் காட்டிவிடும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். அக்ஃபா கிளிக் த்ரீ, யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா இவற்றில் லென்ஸ் கழற்றும் வகை இல்லை. உடைத்து எடுக்காதீர்கள், பாவம். அவற்றில் இன்றும் 120 பிலிம் போட்டு 12 படம் எடுக்கலாம்.

அலமாரியைத் திறக்கும்போது கீழ்த்தட்டையும் பாருங்கள். நெகட்டிவ் டப்பாக்கள் இருக்கும். வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்கள் போட்டுவிட்டார்கள், மிஞ்சியது கொஞ்சம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. அவர்கள் எல்லா ஊருக்கும் வந்துகொண்டிருக்க முடியாது. உங்கள் கேமராவில் மேக்ரோ வளையம் ஒன்று போட்டு, பின்னால் வெள்ளை வெளிச்சம் வைத்தால் நெகட்டிவை நீங்களே படமெடுத்துவிடலாம். நம் ஊர்ப் பெரியவர்களின் ஒரே படம் அந்த டப்பாவில் இருக்கலாம். லென்ஸைக் கேட்கப் போகும்போது ஸ்டுடியோக்காரரிடம் இதையும் கேளுங்கள். லென்ஸுக்கு நியாயமான காசு கொடுங்கள், சும்மா கேட்காதீர்கள். அவர் பிலிம் காலம் போனதில் நஷ்டப்பட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சோனிக்கும் கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கும் திருகு அடாப்டர் என்னிடம் இருக்கிறது. எந்த லென்ஸ் கிடைத்தாலும் எடுத்து வாருங்கள், மாட்டிப் பார்த்துவிடலாம். ஃபைனான்ஸில் கையெழுத்துப் போடுவது திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போகட்டும்.