வீட்டுத் தோட்டம்: சாடி மண்ணில் துள்ளும் வெள்ளைப் பூச்சிகள்



"மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியதும் சாடி மண்ணிலிருந்து குட்டி வெள்ளைப் பூச்சிகள் துள்ளுகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஒரு மருந்தும் வேண்டாம் என்பதே என் பதில்.

இவற்றை ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்ரெயில்' என்பார்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீற்றர் நீளம்தான். ஆறு கால்கள் உண்டு, சிறகு இல்லை. வயிற்றின் கீழே கவர்போன்ற ஓர் உறுப்பு மடிந்திருக்கும். பயந்தால் அதை நிலத்தில் அடித்துத் துள்ளும். உடலில் நீர் ஒட்டாததால், தண்ணீர் ஊற்றும்போது மிதந்து மேலே வரும்.

அது நம்மைக் கடிக்காது. உக்கும் இலைகளையும் பூஞ்சணத்தையும் தின்று, குப்பை பசளையாக மாற உதவுகிறது. காணியில்லாமல் சாடியிலும் உரப்பையிலும் பயிர் வைக்கும் எங்களுக்கு அது சம்பளமில்லாத வேலையாள்.

எல்லாப் பூச்சியும் அப்படியல்ல. ஒரு சிட்டிகை மண்ணை வெள்ளைக் கோப்பையில் நீர்விட்டுப் பாருங்கள். மிதந்து துள்ளினால் விட்டுவிடுங்கள். தண்டிலோ வேரிலோ பஞ்சுபோல ஒட்டியிருந்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சி. ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். சாடியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால், அவற்றின் புழுக்கள் இளங்கன்றின் வேரைத் தின்னக்கூடும். மேல்மண்ணைக் காயவிட்டால் அவை குறையும்.

துள்ளும் பூச்சி மிக அதிகமாக இருந்தால், தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். சாடியின் அடித்துளை அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். கீழே வைத்த தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அந்தத் தண்ணீருக்குத்தான். டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும்.

பூச்சிகொல்லி வாங்கினால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சியும் சாகும். நாளை பிள்ளைக்குச் சுண்டிக் கொடுக்கும் கீரையிலும் நஞ்சு படும். மிச்சப் போத்தல் வீட்டுக்குள் இருப்பதே ஓர் ஆபத்து. சந்தேகமென்றால் ஓர் இலையையும் கொஞ்ச மண்ணையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.