நீலத் தறப்பாளைக் கழட்டுங்க

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரத்து வீட்டு வாசல்களில் அந்த நீலக் குவியலைப் பார்க்கலாம். மேலே தறப்பாள், அதைச் சுற்றி நைலான் கயிறு, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் செங்கல் இல்லாவிட்டால் பழைய டயர். உள்ளே ஒரு மொரிஸ் மைனரோ, ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ, ஆமை வொக்ஸ்வேகனோ இருக்கும். கேட்டால், "தாத்தா ஓடுன கார், மழையில நனையாம பத்திரமா மூடி வச்சிருக்கோம்" என்பார்கள்.

பத்திரமா? அந்தத் தறப்பாளைக் கழட்டிப் பாருங்கள். கதவின் அடியில் விரலை வைத்து அழுத்தினால் தகரம் பொரிந்து விழும். சீட்டில் பூஞ்சணம். தரையில் ஓட்டை. பத்து வருஷம் மழையில் நின்றிருந்தாலும் இவ்வளவு கெட்டிருக்காது. மழையிலிருந்து காப்பாற்றக் கட்டிய தறப்பாளே காரைத் தின்றுவிட்டது என்றுதான் நாங்கள் சொல்கிறோம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே. பகலில் கொஞ்சம் வெயில், பின்னேரம் மூடுபனி, இராத்திரி குளிர். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும் நாட்களும் உண்டு. பகலில் மண்ணிலிருந்து கிளம்பும் ஈரம் ஆவியாகி மேலே போகப் பார்க்கிறது. மேலே பிளாஸ்டிக், போக வழி இல்லை. இரவில் தகரம் குளிர்ந்ததும் அந்த ஆவி காரின் மேலேயே தண்ணீராகப் படிகிறது. வெளியே நிற்கிற கார் மழை விட்டதும் காற்றில் காய்ந்துவிடும். தறப்பாளுக்குள் நிற்கிற கார் காய்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடும். தறப்பாளுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை நமக்கு எந்த எஞ்சினியரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து எடுத்த எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லுவாங்க: கொழுந்தைக் காத்துப் போகாத பையில அமுக்கி வச்சா சூடேறிச் சிவந்து போகும். இஸ்டோரில் கொழுந்தை வாட்டுவதற்கென்று ஒரு மாடியே கட்டி, அதற்குள் காற்றை ஓட விடுகிறார்கள். காற்றும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும், காற்று இல்லாமல் ஈரம் மட்டும் தங்கினால் என்ன ஆகும் என்பது இந்த மலையில் நூற்றைம்பது வருஷத்து அறிவு. அந்த அறிவு வீட்டு வாசலுக்கு வந்ததும் நீலத் தறப்பாளில் முட்டி நின்றுவிடுகிறது.

கடைக்காரர்கள் இதில் நன்றாக விளையாடுகிறார்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு உறை, பைக்கு மேலே "நூறு வீதம் நீர் புகாது" என்ற எழுத்து. நீர் உள்ளே புகாது என்றால், அநேகமாக ஆவி வெளியேயும் போகாது. தறப்பாளைக் கார் வடிவத்தில் வெட்டித் தைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான். புதுக் காருக்குப் பரவாயில்லை. அதன் தகரத்துக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும், அடியில் துருத்தடுப்பு இருக்கும், தினமும் ஓடும். 1950களின் மைனருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அதுமட்டுமா, மைனருக்குத் தனிச் சட்டமும் இல்லை. உடம்பே சட்டம். தரைத் தகரம் துருப்பிடித்தால் அழகு போவதோடு முடியாது, காரே உட்கார்ந்துவிடும். மரச் சட்டம் வைத்த டிராவலர் என்றால் மரமும் சேர்ந்து உளுத்துப் போகும்.

அப்போ என்னதான் செய்யிறது? எங்கள் பதில் ஒரு வரிசை.

முதலில் கூரை. நாலு கம்பம், மேலே தகரம், பக்கங்கள் திறந்தபடி. ஜூன் மாதத்து வட்டவளை மழையை எந்த உறையும் தாங்காது. வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற இடம் அது. கூரை மழையைப் பார்த்துக்கொள்ளும், திறந்த பக்கம் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது தரை. மண்தரையில், புல்லில் காரை நிறுத்தாதீங்க. சிமெந்து போட முடியாவிட்டால் பொலித்தீனைத் தரையில் விரித்து அதன் மேல் சரளைக் கல் பரப்புங்கள். பொலித்தீனுக்குக் காரின் பக்கத்தில் ஏதாவது வேலை இருக்கிறது என்றால் அது அடியில்தான். மண்ணின் ஈரம் மேலே வராமல் அது தடுக்கும்.

மூன்றாவதுதான் உறை. கூரைக்கு அடியில் நிற்கிற காருக்குப் பருத்தித் துணி போதும். தூசி விழாது, மூச்சு விடும். வெளியில் நிற்கிற காருக்குப் பருத்தி உதவாது, நனைந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஆவியை வெளியே விடுகிற பல அடுக்கு உறை வேண்டும், உட்பக்கம் மெத்தென்ற துணியோடு. வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்க. ஒரு கோப்பை நிறையச் சுடச்சுட பிளேன்டீ எடுத்து, வாயை அந்தத் துணியால் மூடி, மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டில் ஆவி படிந்தால் துணி மூச்சு விடுகிறது. படியாவிட்டால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாங்க.

அளவும் முக்கியம். மைனரின் நீளம் 3.76 மீற்றர். இன்றைய கார்களுக்கென்று வெட்டிய உறையைப் போட்டால் தொளதொளவென்று ஆடும். மலைக்காற்றில் ஆடுகிற உறை அரத்தாள் மாதிரி. இடையில் சிக்கிய மணலை வைத்தே பெயின்டைத் தேய்த்து எடுத்துவிடும். அடியில் எலாஸ்டிக்கும் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பட்டியும் இருக்க வேண்டும். அழுக்குக் காரையும் ஈரக் காரையும் மூடாதீங்க. வெயில் அடிக்கிற நாளில் உறையை எடுத்துவிட்டுக் கதவுகளைத் திறந்து போடுங்க. இதற்குக் காசு வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும். "லயத்துக் கூரை ஒழுகுது, அதைப் பத்தி எழுதாம காருக்கு உறை தேடுறீங்களா? 2024 இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்துச்சு. இதெல்லாம் பணக்காரன் கவலை."

கேள்வி நியாயமானது. ஆனால் பழைய கார் பணக்காரனுடையது என்று யார் சொன்னது? 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது, இருந்த கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. துரைமார் விட்டுப்போன ஒஸ்டினும் மொரிஸும் கை மாறி, கை மாறி டவுனுக்கு வந்து ஹயரிங் கார்களாயின. எங்கள் பாட்டிமார் சொல்லும் கதைகளில் பிரசவ வலி வந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார். கல்யாண மாப்பிள்ளையைக் கோவிலுக்குக் கொண்டு வந்ததும் அதுதான். 2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இந்தக் கிழட்டுக் கார்களுக்கு எத்தனை மதிப்பு வந்தது என்று நாமே பார்த்தோம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். மொரிஸ் மைனர் உலகத்துக்கு முதலில் காட்டப்பட்டது 1948 ஒக்டோபரில், இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில். அடுத்த மாதம், நவம்பர் 15 இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து நம்மவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. கப்பலில் வந்த காருக்கு இந்த நாட்டில் பதிவு எண் கிடைத்தது. காடு வெட்டி ரோடு போட்டவனுக்குப் பதிவு கிடைக்கவில்லை. அந்தக் காரை ஓட்டிப் பிழைத்து, அதே காரைப் பேரப்பிள்ளைக்கு விட்டுப்போன ஒருவரின் வரலாறு வரலாறு இல்லையா?

இல்லை என்றுதான் இன்றைக்குப் பாரம்பரியம் பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள் போலும். துரை பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. சில வாசல்களில் பழைய கார் ஒன்று மினுமினுவென்று நிற்கிறது, வெள்ளைக்காரன் காலத்து வாழ்க்கைக்கு அடையாளமாக. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பேசட்டும். அந்தக் கதைகளில் ஓட்டினவனுக்குப் பேர் இருக்கிறது, ரோடு போட்டவனுக்குப் பேர் இல்லை. நம் வாசலில் நிற்கிற ஹயரிங் கார் துருப்பிடித்து இரும்புக்கடைக்குப் போனால் மிஞ்சப் போவது துரையின் கார் மட்டுமே. அப்புறம் அடுத்த தலைமுறை, இந்த மலையில் கார் ஓட்டியது துரை மட்டும்தான் என்று நம்பும். அதனால்தான் உறை விஷயத்தில் இவ்வளவு கத்துகிறோம்.

கூரையா உறையா என்று சண்டை மூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லயத்துத் தகரத்துக்கு அடியில் தறப்பாளைக் கட்டி, அதற்குள் ஈரம் தங்கி, சுவரில் பூஞ்சணம் ஏறி, பிள்ளைகள் இருமுவதும் இதே கதைதான். காரைப் பற்றிப் பேசினாலும் வீட்டைப் பற்றிப் பேசினாலும் காற்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

மனுஷருக்கும் அதே கதை. தறப்பாளுக்கு நம்மிடம் இன்னொரு பேர் உண்டு: படங்கு. இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டுதான் அம்மாமார் மலைக்கு ஏறுகிறார்கள். ஆதியில் கம்பளி கொடுத்தார்கள், அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு சாக்கு, பிறகு பொலித்தீன். மழைக்குப் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு எட்டு மணித்தியாலம் மலையில் நிற்கிறவள் வெளியே மழையிலும் உள்ளே வியர்வையிலும் நனைகிறாள். கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்று கம்பனிக்குத் தெரியும். காருக்கு மூச்சு விடுகிற துணி சந்தையில் இருக்கிறது. மழையைத் தடுத்து வியர்வையை வெளியே விடுகிற உடுப்பு உலகத்தில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, மலையேறப் போகிற டூரிஸ்ட் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறான். பறிக்கிற கைக்கு மட்டும் ஏன் இன்னும் பொலித்தீன்? அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் இதையும் மேசையில் வைக்க வேண்டும். சலுகையாகக் கேட்க வேண்டாம், வேலைக்கான கருவியாகக் கேளுங்கள். மட்டத்துக் கத்தி கொடுக்கிறவர்கள் மழை உடுப்பும் கொடுக்கட்டும்.

இப்போதைக்கு நம் கையில் இருக்கிற வேலை இரண்டு. டவுனில் த்ரீவீல் ஹூட் தைக்கிற கடைகள் இருக்கின்றன. நல்ல துணியை மொத்தமாக எடுத்து, அளவைக் கொடுத்து அங்கேயே தைப்பிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் விலையும் குறையும், நம்மவருக்கு வேலையும் கிடைக்கும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்காரர் சார்ல்ஸ் வெயார், மைனருக்கான தகரப் பாகங்களை இலங்கையில்தான் செய்விக்கத் தொடங்கினார். தகரமே இங்கே அடிக்க முடிந்தது என்றால் ஒரு துணி உறை தைக்க முடியாதா?

இரண்டாவது, உங்கள் ஊரில் நிற்கிற ஒவ்வொரு பழைய காருக்கும் ஒரு கதை எழுதுங்க. எந்த வருஷத்துக் கார், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, எந்தத் தோட்டத்துக்கு ஓடியது, என்று ஓட்டம் நின்றது. ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.

அதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை வெயில் அடித்தால் கயிற்றை அவிழ்த்துத் தறப்பாளை எடுங்க. நாலு கதவையும் திறந்து வையுங்க. கார் கொஞ்சம் காயட்டும்.